மலாக்காவுக்கு ஒரு நாள் போதுமா?

கேள்வி: கோலாலம்பூரில் சில நாள் இருக்கப் போகிறோம். அதில் ஒரு நாளை மலாக்காவுக்கு ஒதுக்கியிருக்கிறோம். எழுபது வயது தாண்டிய அப்பா, அம்மாவும் வருகிறார்கள். இருவரும் சுத்த சைவம். காலையில் போய் இரவே திரும்பிவிடலாமா? எதை அவசியம் பார்க்க வேண்டும், எதை விட்டுவிடலாம்?

பதில்: திரும்பிவிடலாம்தான். ஆனால் பெரியவர்கள் வருவதால் ஓர் இரவு அங்கேயே தங்குங்கள் என்பேன். தூரம் சுமார் 150 கி.மீ., பேருந்தில் இரண்டு, இரண்டரை மணி நேரம். எட்டு மணிக்குக் கிளம்பினாலும் பழைய ஊருக்குள் நுழையும்போது மணி பதினொன்று ஆகிவிடும். சுற்றுலா வண்டிகள் வந்து குவிவதும் அப்போதுதான். உச்சி வெயிலில் சிவப்புக் கட்டடங்களுக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டு, ஜோங்கர் தெருவில் செண்டோல் என்ற குளிர்ந்த இனிப்பைச் சாப்பிட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

தங்கினால் மறுநாள் காலை உங்களுடையது. வெயில் ஏறுவதற்குள் ஜாலான் துக்காங் எமாஸ் தெருவுக்குப் போய்விடுங்கள். அங்கே பொய்யாத விநாயகர் கோயில் இருக்கிறது. 1781இல், தமிழ் வணிகர் வழிவந்த மலாக்கா செட்டிகளின் தலைவர் தவிநாயகர் செட்டிக்கு டச்சு அரசு கொடுத்த இடத்தில் எழுந்தது. அதே தெருவில் சில அடி தள்ளி கம்போங் கிளிங் பள்ளிவாசல். இந்திய முஸ்லிம் வணிகர்கள் 1748இல் மரத்தால் கட்டியது. 1872இல் செங்கல் கட்டடமானது. பள்ளிவாசல் என்றதும் குவிமாடத்தைத் தேடாதீர்கள். கூரை அடுக்கடுக்கான பிரமிடு, மினாரா சீன பகோடாவைப் போல, உள்ளே கிரேக்க பாணித் தூண்கள். அப்படியே நடந்தால் தெருவின் பெயர் ஜாலான் தோக்கோங் என்று மாறும். பதினேழாம் நூற்றாண்டில் தொடங்கிய செங் ஹூன் தெங் சீனக் கோயில் அங்கே. எல்லாம் சேர்த்து ஐந்து நிமிட நடைதான், ஏற்ற இறக்கம் இல்லை. தோளில் ஒரு துப்பட்டா இருக்கட்டும், பள்ளிவாசலில் தலையை மூடிக்கொள்ள உதவும். வெள்ளிக்கிழமை நண்பகலில் மட்டும் அங்கே போக வேண்டாம்.

இதை ஒற்றுமைத் தெரு என்று வழிகாட்டிகள் ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுவார்கள். கதை அவ்வளவு இனிப்பானது அல்ல. கத்தோலிக்கர்களான போர்ச்சுக்கீசியர் 1511இல் ஊரைப் பிடித்தார்கள். 1641இல் டச்சுக்காரர்கள் அதைப் பறித்தார்கள். புராட்டஸ்டன்ட் டச்சுக்காரர்களுக்கு விநாயகர்மீது பகை இல்லை, வணிகர்கள் ஊரில் இருந்தால் வரி வரும். பகையெல்லாம் கத்தோலிக்கர்களோடுதான். அவர்களால் புனித பேதுரு ஆலயத்தைக் கட்ட முடிந்ததே 1710இல்தான்.

சிவப்புச் சதுக்கத்துக்கு அரை மணி போதும். 1753இல் முடிந்த கிறிஸ்து ஆலயம் அங்கே இருக்கிறது. முதலில் வெள்ளையாக இருந்ததற்குச் சிவப்புப் பூசியவர்கள் ஆங்கிலேயர்கள். பின்னால் உள்ள புனித பவுல் குன்றுக்குப் படியேற வேண்டும். மேலே கூரையில்லாத ஒரு தேவாலயம். கோவாவுக்குக் கொண்டுபோகும் முன் புனித பிரான்சிஸ் சவேரியாரின் உடல் 1553இல் இங்கேதான் வைக்கப்பட்டிருந்தது. பெற்றோருக்கு முழங்கால் வலி உண்டென்றால் அவர்களைக் கீழேயே, பழைய கோட்டை வாசலருகில் உட்கார வைத்துவிட்டு நீங்கள் போய் வாருங்கள். போர்ச்சுக்கீசியக் கோட்டை என்று எல்லோரும் படம் பிடிக்கும் அந்த வாசலின் மேலே பாருங்கள், 1670 என்று டச்சுக்காரர்கள் பொறித்த ஆண்டு இருக்கும். கோட்டையின் மீதியை ஆங்கிலேயர்கள் இடித்துத் தள்ளிவிட்டார்கள்.

பூவும் பொம்மையும் கட்டி, பாட்டை அலறவிட்டு வரும் சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறுவதானால் முதலில் விலை பேசிவிடுங்கள். என்னைக் கேட்டால் அந்தக் காசுக்கு மாலையில் ஆற்றுப் படகில் போகலாம். முக்கால் மணி நேரம், பெரியவர்கள் உட்கார்ந்தபடியே ஊரைப் பார்த்துவிடுவார்கள்.

பட்டியலில் இல்லாத ஓர் இடம்: காஜா பெராங். மலாக்கா செட்டிகளின் கிராமம், கிராப் செயலியில் கார் பிடித்தால் சில நிமிடம். மலாக்கா சுல்தான்கள் காலத்தில் வந்த தமிழ் வணிகர்கள் இங்கே மலாய், சீனப் பெண்களை மணந்த வழியில் வந்தவர்கள் இவர்கள். வீட்டு மொழி மலாய், கும்பிடுவது முத்துமாரியம்மனை, பொங்கலும் வைக்கிறார்கள். தமிழில் பேச்சுக் கொடுத்துப் பதில் வராவிட்டால் “தமிழ் தெரியாதா?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். சின்ன அருங்காட்சியகமும் உண்டு. ஊரில் பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கள் விடுமுறை என்பதையும் கணக்கில் வையுங்கள்.

அப்புறம் சாப்பாடு. சீனமும் மலாயும் கலந்த பெரானாக்கான் சமையல் கடைகளில் காய்கறிப் பொரியலில்கூட பெலாச்சான் என்ற இறால் விழுது இருக்கும். “இறைச்சி வேண்டாம்” என்றால் மட்டும் போதாது. “தா மாவ் இக்கான், தா மாவ் பெலாச்சான்” என்று மீனையும் விழுதையும் பெயர் சொல்லியே மறுக்க வேண்டும். பெற்றோருக்கு வாழை இலைச் சாப்பாட்டுக் கடைகளும் சீன சைவக் கடைகளும்தான் நிம்மதி. தேங்காய்ப் பாலும் பனைவெல்லமும் ஊற்றிய செண்டோல் அவர்களுக்கும் ஆகும்.

ஜோங்கர் தெரு இரவுச் சந்தை வெள்ளி முதல் ஞாயிறு வரைதான். சந்தை வேண்டுமென்றால் அந்த நாட்களில் கூட்டத்தையும் கூடுதல் அறை வாடகையையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். பெரியவர்களோடு என்றால் நான் செவ்வாய், புதன் என்றுதான் சொல்வேன். பேருந்து நிலையமான மலாக்கா சென்ட்ரல் பழைய ஊரிலிருந்து சில கி.மீ. தள்ளி இருக்கிறது, பெட்டியோடு நகரப் பேருந்துக்குக் காத்திருக்காமல் கார் பிடித்துவிடுங்கள். ஞாயிறு மாலை திரும்புவதாக இருந்தால் சீட்டை முன்பே வாங்கிவிடுங்கள்.