வாசகர் கேள்விகள்: அயர்லாந்துக் காதல் நாவல்கள்

கேள்வி: சாலி ரூனியின் ‘நார்மல் பீப்பிள்’ நாவலைப் பாதியில் மூடிவிட்டேன். யார் பேசுகிறார்கள், எப்போது நடக்கிறது என்றே பிடிபடவில்லை. வீட்டு எதிர்ப்பும் இல்லை. பிறகு ஏன் அந்த இருவரும் பிரிந்து பிரிந்து சேர்கிறார்கள்?
- வாசகி, திருமங்கலம்

பதில்: அத்தியாயத் தலைப்புகளைத் தாண்டிப் போயிருப்பீர்கள். 2018இல் வந்த இந்த நாவலில் ‘மூன்று மாதம் கழித்து’ என்பதுபோலத் தலைப்பே காலத்தைச் சொல்லிவிடும். கதை 2011 ஜனவரியில் தொடங்கி 2015 பிப்ரவரியில் முடிகிறது. நிகழ்காலத்தில் ஓடும் அத்தியாயம், இடையில் விட்டுப்போன மாதங்களைச் சொல்லப் பின்னால் போகும். வினைச்சொல் இறந்தகாலத்துக்கு மாறும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். பேச்சுக்கு மேற்கோள்குறி கிடையாது; ஆள் மாறினால் பெரும்பாலும் பத்தி மாறும், அதைப் பிடித்துக்கொண்டு போகலாம்.

பிரிவுக்கு வருவோம். நாயகன் கொனெலின் அம்மா, நாயகி மரியானின் வீட்டில் துப்புரவு வேலை செய்பவர். பள்ளியில் அவளோடு பழகுவதையே அவன் மறைக்கிறான். பிறகு டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் படிக்கும்போது, கோடை விடுமுறையில் அவனுக்கு வாடகை கட்ட வழியில்லை. ‘உன் வீட்டில் தங்கிக்கொள்ளட்டுமா?’ என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். வாய் வரவில்லை. தன்னை விட்டுப் போகத்தான் பார்க்கிறான் என்று அவள் நினைத்துக்கொள்கிறாள். வீட்டில் யாரும் குறுக்கே நிற்கவில்லைதான். ஆனால் பணமும் கூச்சமும் நிற்கின்றன. நாவலின் உயிரே அந்தப் பக்கங்கள்தான். அங்கிருந்து மறுபடி படியுங்கள்.

கேள்வி: இந்த வகை நாவல்களை எந்த வரிசையில் படிக்கலாம்?
- வாசகர், மேலூர்

பதில்: கோல்ம் டோபீனின் ‘புரூக்ளின்’ (2009) முதலில். எளிய ஆங்கிலம், நேராகப் போகும் கதை. 1950களில் அயர்லாந்தின் என்னிஸ்கார்த்தி ஊரிலிருந்து அமெரிக்காவுக்கு வேலைக்குப் போன எய்லிஷ், அக்கா இறந்த சேதி கேட்டு, அங்கே காதலித்த டோனியை ரகசியமாக மணந்துவிட்டு ஊர் திரும்புகிறாள். தாலி கட்டிய கதையை மறைத்தே உள்ளூர்க்காரன் ஜிம் ஃபாரலோடு பழகுகிறாள். தொடர்ச்சியான ‘லாங் ஐலண்ட்’ (2024) நூலை முதலில் எடுத்துவிடாதீர்கள். எய்லிஷ் யாரைத் தேர்ந்தாள் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும்.

அடுத்து ‘நார்மல் பீப்பிள்’. அதன் பிறகு ஆன் என்ரைட்டின் ‘தி ஃபர்காட்டன் வால்ட்ஸ்’ (2011): மணமான இருவரின் உறவு, நடுவில் ஒரு சிறுமி. 1995 பொதுவாக்கெடுப்புக்குப் பிறகே விவாகரத்துக்கு வழி பிறந்த நாடு அது என்பதை நினைவில் வைத்துப் படித்தால் இன்னும் ஆழமாக விளங்கும். மேகன் நோலனின் ‘ஆக்ட்ஸ் ஆஃப் டெஸ்பரேஷன்’ (2021) கடைசியில் இருக்கட்டும். தன்னையே அழித்துக்கொள்ளும் காதல் அது. மனம் சோர்ந்திருக்கும் நாட்களில் தொட வேண்டாம்.