பணம் வாபஸ் என்று விற்றுவிட்டுக் கூப்பன் நீட்டினால்…

கேள்வி: அம்மாவின் முழங்கால் வலிக்காக, இன்ஸ்டாகிராம் விளம்பரம் பார்த்து ஒரு நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் மசாஜர் வாங்கினேன். விலை 6,490 ரூபாய். கிரெடிட் கார்டில் கட்டினேன். "30 நாள் பயன்படுத்திப் பாருங்கள், பலன் இல்லையென்றால் முழுப் பணமும் வாபஸ்" என்று போட்டிருந்தார்கள். பலன் இல்லாததால் 18ஆம் நாள் எழுதிக் கேட்டேன். "அனுப்பி வையுங்கள், ரீஃபண்ட் செய்கிறோம்" என்று வாட்ஸ்அப்பில் பதில் வந்தது. 420 ரூபாய் கூரியருக்குக் கொடுத்து அனுப்பினேன். இப்போது, "பொருளில் பழுது இல்லை, பெட்டியும் பிரிக்கப்பட்டிருக்கிறது, அதே தொகைக்குக் கூப்பன்தான் தர முடியும்" என்கிறார்கள். வாங்கி மூன்று மாதம் ஆகப்போகிறது. பணம் போனது போனதுதானா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: போகவில்லை சகோதரி. ஆனால் நாள் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் எதை முதலில் செய்கிறீர்கள் என்பது முக்கியம்.

முதலில் அந்தக் கூப்பனைத் தொடாதீர்கள். அதில் ஒரு ரூபாய்க்குப் பொருள் வாங்கினாலும், "வாடிக்கையாளர் ஏற்றுக்கொண்டார், விஷயம் முடிந்தது" என்று எழுதிவிடுவார்கள். உங்களைக் கேட்காமலே கணக்கில் ஏற்றியிருந்தால், "இதை நான் ஏற்கவில்லை, கார்டுக்கே பணம் வரவேண்டும்" என்று இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

அவர்கள் சொல்லும் இரண்டு காரணமும் நிற்காது. பழுது இருந்தால்தான் பணம் என்று விளம்பரத்தில் சொல்லவில்லை. பலன் இல்லையென்றால் பணம் என்றுதான் சொன்னார்கள். 30 நாள் பயன்படுத்திப் பார் என்று சொன்னவர், பெட்டியை ஏன் பிரித்தாய் என்று கேட்க முடியாது. விளம்பரத்தில் சொன்னபடியோ ஒப்புக்கொண்டபடியோ பொருள் இல்லையென்றால், திரும்ப எடுக்கவோ பணம் தரவோ மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் சொல்கின்றன. நிறைவேற நியாயமான வாய்ப்பே இல்லாத உத்தரவாதத்தைக் காட்டி விற்பதை, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 'நியாயமற்ற வணிக நடைமுறை' என்றே வகைப்படுத்துகிறது. ஆகவே எங்கே எழுதினாலும் 'பொருள் சரியில்லை' என்று எழுதாதீர்கள். 'உத்தரவாதப்படி பணம் தரவில்லை' என்று எழுதுங்கள். சரியில்லை என்று ஆரம்பித்தால், அது ஓடுகிறதா இல்லையா என்ற விவாதத்துக்குள் உங்களை இழுத்துவிடுவார்கள்.

ஆதாரத்தை இன்று இரவே சேர்த்து வையுங்கள். உத்தரவாதம் இருக்கும் பக்கத்தை, மேலே இணைய முகவரியும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். புகார் போனதும் அந்த வாசகம் காணாமல் போவது சாதாரணமாக நடக்கிறது. ஏற்கெனவே மாற்றியிருந்தால், இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் பழைய பக்கம் கிடைக்கிறதா என்று பாருங்கள். விளம்பரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் விளம்பர நூலகத்தில் (Ad Library) அவர்களுடைய பக்கத்தின் பெயரைப் போட்டாலே வரும். வாட்ஸ்அப் உரையாடலை முழுவதுமாக எக்ஸ்போர்ட் செய்து மின்னஞ்சலில் போட்டு வையுங்கள். கூரியரில் பொருள் ஒப்படைக்கப்பட்டதற்கான கையெழுத்துச் சான்றைக் கேட்டு வாங்குங்கள். பழைய பார்சல் விவரம் அவர்கள் தளத்தில் எப்போதும் இருக்காது.

அடுத்தது வங்கி. கார்டில் கட்டியது உங்களுக்குப் பெரிய பலம். விற்றவரிடமிருந்து பணத்தைத் திரும்ப எடுக்க உங்கள் வங்கி கேட்கும் வழிக்கு 'சார்ஜ்பேக்' என்று பெயர். விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் பெரும்பாலான தகராறுகளுக்கு 120 நாள்தான் கெடு. வங்கி தன் பங்குக்கு இன்னும் குறைத்தும் வைத்திருக்கலாம். மூன்று மாதம் ஆகிவிட்டது என்கிறீர்கள். நிறுவனம் "15 நாள் பொறுங்கள், மேலிடத்தில் கேட்டிருக்கிறோம்" என்று இழுப்பதன் விளைவு இந்தக் கெடு தாண்டிப் போவதுதான். அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

வங்கியின் தகராறுப் படிவத்தில் பலரும் 'பொருள் தரமில்லை' என்பதைத் தேர்ந்தெடுத்துத் தோற்கிறார்கள். விற்றவர் டெலிவரி ரசீதைக் காட்டியதும் வங்கி புகாரை மூடிவிடும். உங்களுக்குப் பொருந்துவது 'ரீஃபண்ட் ஒப்புக்கொண்டும் வரவு வைக்கவில்லை' என்ற வகை. "அனுப்பி வையுங்கள், ரீஃபண்ட் செய்கிறோம்" என்ற அந்த ஒற்றை வரிதான் உங்கள் கையில் இருக்கும் மிகப் பெரிய ஆதாரம். அதன் ஸ்கிரீன்ஷாட், கூரியர் ஒப்படைப்புச் சான்று, உத்தரவாதப் பக்கம், இந்த மூன்றையும் இணையுங்கள். வங்கி தற்காலிகமாகப் பணத்தை வரவு வைத்தால், முடிவு வரும்வரை அதைச் செலவழிக்க வேண்டாம். எதிராக முடிந்தால் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். கார்டு பில்லை வழக்கம்போல் கட்டிவிடுங்கள்.

அதே நாளில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கும் எழுதுங்கள். அவருடைய பெயரும் தொடர்பு விவரமும் தளத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கடிதம் இப்படி இருந்தால் போதும்: "இந்த எண் ஆர்டரில் 6,490 ரூபாய் செலுத்தினேன். உங்கள் 30 நாள் உத்தரவாதப்படி 18ஆம் நாள் பணம் கேட்டேன். இந்தத் தேதியில் ஒப்புக்கொண்டீர்கள். பொருள் இந்தத் தேதியில் உங்களிடம் சேர்ந்துவிட்டது. கூப்பனை நான் ஏற்கவில்லை. 15 நாட்களுக்குள் செலுத்திய கார்டுக்கே பணம் வராவிட்டால், கூரியர் செலவு, வட்டி, இழப்பீட்டுடன் நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுவேன்." கோபத்தை இதில் காட்ட வேண்டாம். நாளை ஆணையத்தில் படிக்கப்போவது இந்தக் கடிதம்தான்.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள், தமிழிலேயே பேசலாம். ஆனால் அவர்கள் சமரசம் பேசுபவர்கள், உத்தரவு போடும் அதிகாரம் கிடையாது. அவர்களோடு இணைந்திருக்கும் பெரிய நிறுவனங்கள் சீக்கிரம் பதில் சொல்லும். நேற்று முளைத்த பிராண்டு வாயே திறக்காமல் இருக்கலாம். அப்போதும் அந்தப் பதிவு எண் பின்னால் உதவும்.

இதற்கும் மசியாவிட்டால் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நிறுவனம் குருகிராமில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இ-ஜாக்ரிதி தளம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு அவகாசம். ஸ்கிரீன்ஷாட்டுகளோடு, மின்னணு ஆதாரங்களுக்காகப் பாரதிய சாட்சிய சட்டம் 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழையும் சேர்த்துவிடுங்கள். அது இல்லையென்று எதிர்த்தரப்பு கிளப்பும் ஆட்சேபம் அதோடு அடைபட்டுவிடும்.

சிறிய வழக்குகள் சிக்கிக்கொள்வது சட்டத்தில் அல்ல, முகவரியில். பிராண்டின் பெயரை எதிர்மனுதாரராகப் போட்டால் நோட்டீஸ் திரும்பி வந்துவிடும். பில்லில் இருக்கும் 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் தேடினால், சட்டப்படியான பெயரும் வணிக இடத்தின் விவரமும் கிடைக்கும். முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைச் சொல்லும்: 33 என்றால் தமிழ்நாடு, 07 டெல்லி, 06 ஹரியானா. பில்லே தரவில்லை என்றால் அதையும் புகாரில் எழுதுங்கள்.

நடுவில் "ரீஃபண்ட் போட்டாச்சு, உங்கள் வங்கியில்தான் தாமதம்" என்று சொல்லக்கூடும். உடனே ஏஆர்என் (ARN) என்ற பரிவர்த்தனை அடையாள எண்ணைக் கேளுங்கள். கார்டு ரீஃபண்ட் உண்மையிலேயே போயிருந்தால் 23 இலக்க எண் ஒன்று இருக்கும். அதை வைத்து வங்கி தேடித் தரும். யுபிஐ என்றால் 12 இலக்கம். எண் தர மறுத்தால் பணம் அனுப்பவில்லை என்றே கொள்ளுங்கள்.

கேஷ் ஆன் டெலிவரியில் வாங்கிய வாசகர்களுக்குச் சார்ஜ்பேக் கிடையாது. அவர்கள் நேராகக் குறைதீர் அலுவலர், 1915, ஆணையம் என்று போகலாம். தளமே போலி, ஆளே இல்லை என்றால் அது நுகர்வோர் தகராறு அல்ல, மோசடி. தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

ஒரு எச்சரிக்கை, சகோதரி. நிறுவனத்தின் கஸ்டமர் கேர் எண்ணைக் கூகுளில் தேடி அழைக்காதீர்கள். ரீஃபண்டுக்காக அலைபவர்களைப் பிடிக்கவே போலி எண்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள். பணம் வருவதற்கு யுபிஐ பின் தேவையில்லை, ஓடிபி தேவையில்லை, திரையைப் பகிரும் செயலியும் தேவையில்லை. இதில் எதைக் கேட்டாலும் பேச்சை வளர்க்காமல் இணைப்பைத் துண்டியுங்கள். பில்லிலும் ஆர்டர் மின்னஞ்சலிலும் இருக்கும் முகவரிக்கு மட்டும் எழுதுங்கள்.