192 கிலோஹெர்ட்ஸ் கோப்பு மட்டும் லினக்ஸில் ஏன் விட்டுவிட்டு ஒலிக்கிறது? நிகழ்நேரக் கெர்னல் போட்டால் சரியாகுமா?

நீங்கள் கேட்டிருப்பதன் சுருக்கம்: லினக்ஸ் மடிக்கணினியில் சிடி தரத்து ஃபிளாக் கோப்புகள் (தரம் குறையாமல் சுருக்கிய பாட்டுக் கோப்புகள்) நாள் முழுக்கத் தடையில்லாமல் ஓடுகின்றன. 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் கோப்பை, அதாவது ஒலியை வினாடிக்கு 1,92,000 முறை மாதிரி எடுத்துப் பதிந்த கோப்பைப் போட்டால் மட்டும் ஒலி நடுநடுவே அறுந்துபோகிறது. சிபியூ ஐந்து சதவீதம்கூட வேலை செய்யவில்லை. யாரைக் கேட்டாலும் நிகழ்நேரக் கெர்னல் (குறித்த நேரத்துக்குள் வேலையை முடிக்கும்படி திருத்திய லினக்ஸ் மையநிரல்) போடச் சொல்கிறார்கள். போடலாமா?

போட வேண்டாம். உங்களுக்காக நான் ஏற்கெனவே போட்டுப் பார்த்துவிட்டேன். மூன்று வார மாலைகள் போனதுதான் மிச்சம்.

என்னிடம் இருந்தது ராஸ்பெர்ரி பை 3 என்ற கையடக்கக் கணினி (இனி ‘பை’), அதில் ஒரு யூஎஸ்பி டிஏசி (எண்களை ஒலிச் சைகையாக மாற்றும் பெட்டி), பாட்டை ஓட்ட எம்பிடி என்ற நிரல். பாடல்கள் எல்லாம் அடுத்த அறையில் இருக்கும் வட்டுப் பெட்டியில். வைஃபை வழியாக வந்துகொண்டிருந்தன. ஒரு கச்சேரிப் பதிவு, 24 பிட், 192. ஆலாபனை தொடங்கும் முன் தம்புரா மட்டும் அரை நிமிடம் ஓடும். தம்புராவைப் போல இந்தக் கோளாறைக் காட்டிக்கொடுக்கும் வாத்தியம் வேறு இல்லை. மிருதங்கம் அடிக்கும்போது இருபது மில்லிவினாடி காணாமல் போனால் காது மன்னித்துவிடும். தம்புராவில் அது துணி கிழிவதைப் போலக் கேட்கும். எனக்குக் கிழிந்துகொண்டே இருந்தது. போதாக்குறைக்கு, சில நாள் இரவு எட்டு மணிக்கு மேல் இரண்டு மூன்று வினாடிக்கு முழு மௌனம், பிறகு விட்ட இடத்திலிருந்து பாட்டு.

அந்த இரண்டையும் ஒரே நோய் என்று நினைத்ததுதான் நான் செய்த தவறு. நீங்கள் முதலில் கவனிக்க வேண்டியது, உங்கள் ஒலி எப்படி அறுகிறது என்பதை. கண நேரப் பொரிச்சலா, வினாடிக் கணக்கில் மௌனமா, பாட்டின் முதல் அரை வினாடி மட்டும் விழுங்கப்படுகிறதா? மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு காரணங்கள் உண்டு. கேள்வியில் ‘அறுந்துபோகிறது’ என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அது வயிற்று வலி என்று சொல்வதைப் போல. எந்த இடத்தில் என்று தெரியாமல் மருந்து எழுத முடியாது.

சிபியூ சும்மா இருக்கும்போது ஏன் இது நடக்கிறது? வீட்டுத் தண்ணீரை எண்ணிப் பாருங்கள். தெருக்குழாயில் தண்ணீர் விட்டுவிட்டுத்தான் வருகிறது. மேலே தொட்டி இருப்பதால் குளியலறைக் குழாய் நிற்பதில்லை. கணினியில் அந்தத் தொட்டிதான் பஃபர். வட்டிலிருந்தும் வலையிலிருந்தும் தரவு ஒருநாளும் சீராக வராது. டிஏசியோ சீராகக் குடித்துக்கொண்டே இருக்கும். சிடி தரம் என்றால் வினாடிக்கு 1,76,400 பைட். 24 பிட் மாதிரிகளைப் பெரும்பாலும் 32 பிட் இடத்தில்தான் வைப்பார்கள். ஆகவே 192 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ என்றால் வினாடிக்கு 15,36,000 பைட். ஏறக்குறைய ஒன்பது மடங்கு. குழாயை ஒன்பது மடங்கு திறந்துவிட்டோம். தொட்டி அதே தொட்டிதான்.

இதை என் எம்பிடியில் கணக்குப் போட்டுப் பார்த்த அன்றுதான் விஷயம் பிடிபட்டது. அதன் ஒலிப் பஃபர் இயல்பாக 4 எம்பி. சிடி தரத்தில் அந்த 4 எம்பி கிட்டத்தட்ட 24 வினாடிக்கு வரும். வைஃபை பத்து வினாடி தூங்கி எழுந்தாலும் கேட்பவருக்குத் தெரியாது. அதே 4 எம்பி 192இல் 2.7 வினாடிதான். வைஃபை மூன்று வினாடி திணறினால் மௌனம். சிடி கோப்புகளில் பிரச்சினையே இல்லை என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். பிரச்சினை எப்போதும் இருந்தது, தொட்டி அதை மறைத்துக்கொண்டிருந்தது.

வட்டுப் பெட்டி எத்தனை நேரத்தில் பதில் தருகிறது என்று காட்டும் பிங் கட்டளையைப் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் பார்த்தேன். 3, 4, 3, 5 மில்லிவினாடி என்று சமர்த்தாக வந்துகொண்டிருந்த பதில், திடீரென்று ஒரு வரியில் 2,800 என்றது. அந்த மாடல் பையில் வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான். எங்கள் அடுக்ககத்தில் அந்த அலைவரிசையில் இரவு எட்டு மணிக்கு மேல் சந்தைக்கூட்டம். பஃபரை 32 எம்பி ஆக்கினேன். 192இலும் 22 வினாடி இருப்பு கிடைத்தது. நெடு மௌனம் அன்றோடு ஒழிந்தது. ஒரு வரி மாற்றம். இதற்காகத்தான் கெர்னலை மூன்று முறை தொகுத்திருந்தேன் என்பதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

ஆனால் பொரிச்சல் போகவில்லை. அப்போது செய்த சோதனையை நீங்கள் இன்றே செய்து பாருங்கள். மற்றது எதையும் தொடும் முன் இதைச் செய்யுங்கள். தகராறு செய்யும் கோப்பில் மூன்று நிமிடத்தை வேவ் கோப்பாக மாற்றிக்கொள்ளுங்கள், சுமார் 207 எம்பி வரும். அதை எஸ்ஹெச்எம் என்ற நினைவகக் கோப்பகத்தில் வைத்து, ஏபிளே கட்டளையால், பைப்வயரை (எல்லா நிரல்களின் ஒலியையும் கலந்து அனுப்பும் சேவையகம்) சுற்றிக்கொண்டு நேராக ஆல்சா (கெர்னலின் ஒலி அடுக்கு) சாதனத்துக்கு அனுப்புங்கள். இப்போது வட்டு இல்லை, வலை இல்லை, ஃபிளாக்கைப் பிரிக்கும் வேலை இல்லை, நடுவில் கலவைச் சேவையகம் இல்லை. ஒலி சுத்தமாக வந்தால் கெர்னல், யூஎஸ்பி, டிஏசி மூன்றும் நிரபராதிகள். குற்றவாளி மேலே, அதாவது வட்டு முதல் பைப்வயர் வரையிலான வழியில் இருக்கிறான். அப்படியும் கிழிந்தால் கீழே தேடுங்கள். தொட்டி காலியானால் ஏபிளே தானே ‘அண்டர்ரன்’ என்று கத்தும், எத்தனை மில்லிவினாடி என்றும் சொல்லும். அது கத்தாமலேயே காதில் பொரிந்தால் தரவு கணினியை விட்டு ஒழுங்காகப் புறப்பட்டுவிட்டது, வழியில் யூஎஸ்பியிலோ அதற்கப்பாலோ கெட்டுப்போகிறது என்று பொருள்.

ஓர் எச்சரிக்கை: டிஏசி அந்த வடிவத்தை நேரடியாக ஏற்காவிட்டால் ‘ப்ளக்எச்டபிள்யூ’ என்ற பெயரில் அனுப்ப வேண்டியிருக்கும். அது சத்தம் போடாமல் மாதிரி வீதத்தையே மாற்றிவிடக்கூடும். 192 என்று நினைத்து 96ஐச் சோதித்துக்கொண்டிருப்பீர்கள். பாட்டு ஓடும்போது ப்ராக் கோப்பகத்தில் ஏசவுண்ட், அதற்குள் ஒலி அட்டை, பிசிஎம், சப் என்று இறங்கிப் போய் எச்டபிள்யூ_பாராம்ஸ் கோப்பைத் திறந்தால் உண்மை தெரியும். வடிவம், வீதம், பஃபர் அளவு எல்லாம் அதில் உண்டு. பஃபர் அளவு பைட்டில் இராது, ஃபிரேமில் இருக்கும் (இடது, வலது இரண்டுக்கும் ஒவ்வொரு மாதிரி சேர்ந்தது ஒரு ஃபிரேம்). 4,096 ஃபிரேம் என்பது 44.1இல் 93 மில்லிவினாடி, 192இல் வெறும் 21. மேலே சொன்ன அதே தொட்டிக் கதைதான்.

என் சோதனையில் ஏபிளே கத்தவில்லை, ஆனால் பொரிந்தது. யூஎஸ்பியில் ஒலி போகும் முறைக்கு ஒரு குணம் உண்டு. வட்டுக்குப் போகும் தரவு கெட்டால் மறுபடி அனுப்பப்படும். ஒலிப் பொட்டலம் கெட்டால் மறுபடி அனுப்புவது கிடையாது, போனது போனதுதான். அதிவேக யூஎஸ்பியில் 125 மைக்ரோவினாடிக்கு ஒரு பொட்டலம், அதாவது வினாடிக்கு 8,000 வரை. ஒன்று தவறினால் ஒரு ‘டிக்’. நல்ல கேபிள், நேரடித் துளை, இடையில் மலிவு ஹப் இல்லாமை என்று சொல்வதற்கெல்லாம் காரணம் இதுதான், கேபிளில் ‘இனிமை’ வரும் என்பதல்ல. ஆயிரக்கணக்கில் விலை போட்ட கேபிளைப் பற்றிக் கேட்காதீர்கள், சண்டை வரும்.

பையில் மின்னழுத்தம் குறைந்திருக்கிறதா என்று அதுவே சொல்லும் ஒரு கட்டளை இருக்கிறது: விசிஜென்கமாண்டிடம் ‘கெட்_த்ராட்டில்ட்’ என்று கேட்க வேண்டும். பூஜ்யம் என்று வந்தால் நலம். எனக்குப் பதினாறடிமானத்தில் 50005 என்று வந்தது. கடைசி 5, இந்த நிமிடமே மின்னழுத்தம் குறைவு, சிபியூ வேகமும் குறைக்கப்பட்டிருக்கிறது என்கிறது. முதல் 5, இதற்கு முன்பும் அப்படி நடந்திருக்கிறது என்கிறது. எல்லை 4.63 வோல்ட். நான் செருகியிருந்தது மேஜை டிராயரில் கிடந்த ஏதோ ஒரு பழைய போன் சார்ஜர். டிஏசியும் தன் மின்சாரத்தை அதே பையிலிருந்துதான் உறிஞ்சிக்கொண்டிருந்தது. 5.1 வோல்ட், 2.5 ஆம்பியர் தரும் சரியான அடாப்டரை மாற்றியதும் பூஜ்யம் வந்தது. தம்புரா கிழியவில்லை.

உங்களுடையது மடிக்கணினி என்பதால் சார்ஜர் கதை பொருந்தாது. நினைவகச் சோதனை சுத்தமாக வந்தால் அடுத்து பைப்வயர். பாட்டை வழக்கம்போல ஓடவிட்டு பிடபிள்யூ-டாப் கட்டளையைத் திறந்து வையுங்கள். பிழை எண்ணிக்கை ஒரு பத்தியில் வரும். ஒலி அறும் அதே நொடியில் அந்த எண் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறும் வரியில் எந்த நிரலின் பெயர் இருக்கிறதோ அதுதான் நேரத்துக்கு வேலையை முடிக்கவில்லை. நான் பார்த்தவரை பெரும்பாலும் அது உலாவியாகவோ, ஈக்வலைசராகவோ இருக்கும். அதிலும் 192இல் ஓடும் ஈக்வலைசருக்கு நான்கு மடங்கு வேலை. அங்கேயே மாதிரி வீதத்தையும் பாருங்கள். 192 கோப்பு ஓடும்போது 48,000 என்று காட்டினால், நீங்கள் இத்தனை நாளும் கேட்டது 192 அல்ல. இயல்பு அமைப்பில் பைப்வயர் எல்லாவற்றையும் 48,000க்கு மாற்றித்தான் அனுப்பும். ‘அலவ்ட்-ரேட்ஸ்’ என்ற அமைப்பில் 44,100 தொடங்கி 1,92,000 வரை உங்கள் டிஏசி ஏற்பவற்றை எழுதினால், வேறு எதுவும் ஒலிக்காத நேரத்தில் கோப்பின் வீதத்துக்கே மாறிக்கொள்ளும். குறைந்தபட்ச ‘குவாண்டம்’ அளவை, அதாவது பைப்வயர் ஒரு முறைக்குக் கையாளும் மாதிரிகளின் எண்ணிக்கையை, 1,024 அல்லது 2,048 ஆக்குங்கள். காணொளி அழைப்பில் உதட்டுக்கும் குரலுக்கும் சின்ன இடைவெளி தோன்றினால் கொஞ்சம் இறக்கிக்கொள்ளலாம்.

நினைவகச் சோதனையிலேயே பொரிந்தால், யூஎஸ்பி மரத்தைக் காட்டும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையில் டிஏசிக்கு நேரே என்ன வேகம் இருக்கிறது என்று பாருங்கள். 480 இருக்க வேண்டும். 12 என்றிருந்தால் அந்த இணைப்பில் 192 சாத்தியமே இல்லை: அந்த வேகத்தில் ஒரு மில்லிவினாடிக்கு அதிகபட்சம் 1,023 பைட் போகும், நெருக்கி அடுக்கினாலும் 24 பிட் 192 ஸ்டீரியோவுக்கு 1,152 பைட் வேண்டும். 96க்கு 576 போதும். பழைய டிஏசிகள் 96உடன் நிற்பதன் ரகசியம் இந்தக் கூட்டல் கழித்தல்தான்.

பாட்டின் தொடக்கம் மட்டும் விழுங்கப்படுகிறது என்றால் அது தூக்கக் கோளாறு. பைப்வயரின் மேலாளரான வயர்பிளம்பர், ஒலிச் சாதனம் ஐந்து வினாடி சும்மா இருந்தாலே அதை உறங்க வைத்துவிடும். அந்தக் கால வரம்பைப் பூஜ்யம் ஆக்குங்கள். மின்சேமிப்புக்காகப் பவர்டாப் போன்ற கருவியை ஓட்டியிருந்தால் அது யூஎஸ்பியையும் உறங்கச் சொல்லியிருக்கலாம். 44.1 கோப்புக்குப் பின் 96 கோப்பு வந்தால் டிஏசி கடிகாரம் மாற்றும் நேரத்தில் தன் வாயைத் தானே பொத்திக்கொள்ளும், சிலவற்றில் ரிலே ‘டக்’ என்று கேட்கும். அது கோளாறே அல்ல.

நிகழ்நேரக் கெர்னலுக்கு வருகிறேன். அந்தத் திருத்தங்கள் 2024இல் வந்த லினக்ஸ் 6.12இல் முக்கியக் கெர்னலிலேயே சேர்ந்துவிட்டன. நல்ல வேலை, குறை சொல்லவில்லை. ஆனால் அது கிட்டாரைச் செருகி, மீட்டியது மூன்று மில்லிவினாடியில் காதுக்கு வர வேண்டும் என்பவர்களுக்கு. நீங்களும் நானும் பாட்டுக் கேட்கிறோம். பொத்தானை அழுத்தி அரை வினாடி கழித்துப் பல்லவி வந்தால் யாருக்கு நஷ்டம்? அவர்கள் தொட்டியைச் சிறிதாக்கப் பாடுபடுகிறார்கள். நமக்கு வேண்டியது பெரிய தொட்டி.

சொல்லாமல் விட மனம் வரவில்லை: மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கேட்பதில்லை, 44.1 மாதிரி வீதமே 22 வரை பிடித்துவிடும். 96க்கும் 192க்கும் வேறுபாடு எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. அவசரத்துக்குச் சாக்ஸ் கருவியால் 96 ஆக்கிக் கேளுங்கள். தொட்டி உடனே இரண்டு மடங்கு நேரம் வரும். வாங்கிய காசுக்கு 192தான் வேண்டும் என்றால், அந்தப் பிடிவாதம் எனக்கும் உண்டு, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என் வீட்டில் இன்னும் ஒரு ‘டிக்’ மிச்சம் இருந்தது. எம்பிடி பதிவில் ஒன்றுமில்லை, கெர்னல் பதிவில் ஒன்றுமில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பாட்டை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தபோதும் ஸ்பீக்கரில் அது கேட்டது. கூடவே சமையலறையில் ஃபிரிட்ஜின் கம்ப்ரசர் உறுமத் தொடங்கியது. ஆம்ப்ளிஃபையரை வேறு பிளக் பாயிண்டுக்கு மாற்றினேன். நினைவகச் சோதனையில் ஏபிளே கத்தியதா இல்லையா என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள், மேற்கொண்டு அங்கே பார்க்கலாம்.