கிராலர் வண்டிக்கு எந்த ரெகுலேட்டர்?

கேள்வி: என்னிடம் பத்தில் ஒரு பங்கு அளவிலான, பாறை மேல் ஏறும் ரிமோட் கிராலர் வண்டி இருக்கிறதுங்க. 3எஸ் (மூன்று செல்) லைப்போ பேட்டரி, ஸ்டியரிங்கைத் திருப்ப 20 கிலோ சர்வோ மோட்டார். வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி. மேல் ‘பி.இ.சி. 5 வோல்ட், 2 ஆம்பியர், லீனியர்’ என்று இருக்கிறது. முன்சக்கரம் கல்லில் முட்டும்போது ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டி ஒரு நொடி செத்து, மறுபடி உயிர் வருகிறது. ரிமோட் சிக்னலை வாங்கும் ரிசீவர் போய்விட்டது என்கிறார் கடைக்காரர். ரெகுலேட்டரை மாற்றினால் சரியாகுமா? எதை வாங்குவது?
– ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: ரிசீவரை மாற்றாதீர்கள். அதற்குக் கரண்ட் போதவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் சர்வோ சும்மா திரும்பும்போது கொஞ்சமாகத்தான் கரண்ட் எடுக்கும். சக்கரம் கல்லில் சிக்கி, திரும்ப முடியாமல் முக்கும்போதுதான் 2.5, 3 ஆம்பியர் என்று இழுக்கும். பி.இ.சி. என்பது பேட்டரி வோல்டேஜைக் குறைத்து ரிசீவருக்கும் சர்வோவுக்கும் கொடுக்கும் ரெகுலேட்டர்; உங்கள் 2 ஆம்பியர் ரெகுலேட்டரில் அப்போது வோல்டேஜ் சரிகிறது. ரிசீவர் அணைந்து எழுகிறது. அதிலும் லீனியர் வகை, மிச்ச வோல்டேஜைச் சூடாக்கித்தான் கழிக்கும். முழு சார்ஜில் 3எஸ் பேட்டரி 12.6 வோல்ட். 5 போக 7.6 மிச்சம். 2 ஆம்பியர் ஓடினால் 15 வாட் வெறும் சூடு. நகத்தளவு சில்லு அதை எவ்வளவு நேரம் தாங்கும்? 3எஸ் வண்டிக்கு லீனியர் வேண்டவே வேண்டாம்.

ஸ்விட்சிங் வகையில், அதாவது சூடாக்கிக் கழிக்காமல் வேகமாக ஆன்-ஆஃப் செய்து வோல்டேஜைக் குறைக்கும் வகையில், தனி பி.இ.சி. ஒன்று வாங்குங்கள். வெளியே 6 வோல்ட், தொடர்ச்சியாக 5 ஆம்பியர். சர்வோவும் ரிசீவரும் 6 வோல்ட் தாங்குமா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

‘தொடர்ச்சியாக’ என்ற சொல்லைக் கடையில் அழுத்திக் கேளுங்கள். அட்டையில் பெரிதாக இருப்பது பெரும்பாலும் ஒரு கணத்துக்கு மட்டும் தாங்கும் உச்ச அளவு. பம்புசெட் மோட்டாரைச் சோதித்துச் சான்று தர கோவையில் ஆய்வகம் இருக்கிறது, ஸ்டார் லேபிள் இருக்கிறது. இந்தத் தம்மாத்துண்டு பெட்டிக்கு எதுவும் கிடையாது. அச்சடித்தவன் எழுதியதுதான் ஆம்பியர். கேட்டால், ‘எல்லாரும் இதைத்தான் வாங்குறாங்க’ என்பார்கள்.

அடுத்து, நூறு ரூபாய்க்குள் கையில் திணிப்பார்களே, எல்.எம். 2596 சில்லு வைத்த மாட்யூல், அது வேண்டாம். ‘3 ஆம்பியர்’ என்பது சில்லின் உச்சம். ஹீட்சிங்க் இல்லாமல் அதற்கு வெகு முன்பே கொதிக்கும். போலிச் சில்லுகளும் நிறைய உலவுகின்றன. அதைவிட மோசம், ஓரத்தில் நிற்கும் நீல நிற டிரிம்மர். அதன் தலையில் உள்ள பித்தளைத் திருகுதான் வோல்டேஜைத் தீர்மானிக்கிறது. பாறையில் குதிக்கும் வண்டியில் அது நகர்ந்து வோல்டேஜ் ஏறினால் சர்வோ கருகும். மேஜை மேல் வைத்துப் பழக நல்ல சாமான், வண்டிக்கு ஆகாது.

கெப்பாசிட்டர் போட்டால் போதும் என்பவர்களையும் நம்பாதீர்கள். கண நேரச் சரிவுக்கு உதவும். கல்லில் இரண்டு நொடி முக்கினால் அது காலி.

புது பி.இ.சி.யை ரிசீவரில் செருகி இணைக்கும்போது, ஈ.எஸ்.சி.யிலிருந்து ரிசீவருக்கு வரும் மூன்று வயரில் நடுச் சிவப்பைக் கழற்ற வேண்டும். பிளக்கின் பிளாஸ்டிக் நாக்கை ஊசியால் லேசாகத் தூக்கினால் வயர் நுனியில் உள்ள உலோகப் பின் உருவிக்கொண்டு வரும். டேப் சுற்றி மடக்கிவிடுங்கள். இரண்டு ரெகுலேட்டரும் ஒரே இடத்தில் கரண்ட் தள்ளக்கூடாது.

இதற்கு ஒரே விதிவிலக்கு. பி.இ.சி.யை ரிசீவரில் செருகாமல், அதன் சிவப்பையும் கறுப்பையும் நேராக சர்வோவுக்கே கொடுப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் ஈ.எஸ்.சி.யின் சிவப்பைக் கழற்றக்கூடாது, ரிசீவருக்குக் கரண்ட் அதிலிருந்துதான் வருகிறது. சர்வோவின் சிக்னல் வயரும் கறுப்பும் ரிசீவருக்குப் போகும். சர்வோவின் சிவப்பு போகாது. கறுப்பு மட்டும் எல்லாருக்கும் பொது: பி.இ.சி., சர்வோ, ரிசீவர் மூன்றின் கறுப்பும் ஒன்றுசேர வேண்டும். சேராவிட்டால் சர்வோ நடுங்கும், அல்லது அசையவே அசையாது. அப்புறம் சர்வோ கெட்டது என்று அதையும் உங்கள் தலையில் கட்டுவார்கள்.

மாட்டிய பிறகு, ரிசீவரில் காலியாக இருக்கும் சேனலில் மல்டிமீட்டரை வைத்து, சக்கரத்தைச் சுவரில் முட்டவிட்டு ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்புங்கள். இரண்டு நொடிக்கு மேல் வேண்டாம். மீட்டர் 5 வோல்ட்டுக்குக் கீழே இறங்காவிட்டால் பழைய ரிசீவரே ஓடும். புதியதற்கு முன்பணம் கொடுத்திருந்தால் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.