படகில் ஏறாமலே திமிங்கிலம் பார்க்கலாம்

ஜூன் கடைசியில் அம்மாவுடன் சிட்னி போகிறீர்கள், அவருக்குப் படகு என்றாலே குமட்டல், கரையிலிருந்து திமிங்கிலம் தெரியுமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகத் தெரியும். படகு டிக்கெட்டை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். இலங்கையின் மிரிஸ்ஸாவில் நீலத் திமிங்கிலம் பார்க்கப் படகில் போய், பாதி நேரம் பிளாஸ்டிக் பையைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான்.

கூன்முதுகுத் திமிங்கிலங்கள் அண்டார்டிகாவில் கிரில் என்ற இறால் போன்ற சிற்றுயிர்களைத் தின்று கொழுத்து, குட்டி ஈன வெப்பக் கடலை நோக்கி வடக்கே வரும் காலம் அது. ஜூன், ஜூலையில் அவை கரையை ஒட்டியே கடக்கும். சிட்னியின் கர்னெல் பகுதியில் உள்ள கேப் சொலாண்டர் பாறை முனை அதற்குப் பேர்போன இடம்.

நம் பெசன்ட் நகர் போலவே அதுவும் கிழக்கு பார்த்த கரை. காலையில் வெயில் நேரே கண்ணில் அடிக்கும். பிற்பகலில் சூரியன் முதுகுக்குப் பின்னால் போய்விடும். எனக்கு அதுதான் வசதி. முதலில் உடலைத் தேடாதீர்கள், திமிங்கிலம் மூச்சு விடும்போது எழும் நீர்ப்புகையைத் தேடுங்கள். அது மறைந்தால் உடனே கிளம்பிவிட வேண்டாம். சில நிமிடங்களில் இன்னும் சற்று வடக்கே மறுபடி எழும்பும்.

எட்டு மடங்கு தொலைநோக்கி ஒன்று வாங்கி, துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்ட கப்பல்களை மெரினாவிலிருந்து பார்த்து அம்மாவைப் பழகச் சொல்லுங்கள். அங்கே அப்போது குளிர்காலம், பாறைமேல் காற்று பிய்க்கும். ஸ்வெட்டரோடு காதை மூட மஃப்ளரும் எடுத்துக்கொள்ளுங்கள்.