மருந்தின் பலன் தரும் மிகக் குறைந்த டோஸைக் கண்டறிய, ஒவ்வொரு டோஸையும் போலி மாத்திரையோடு டி சோதனையில் (இரு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் புள்ளியியல் சோதனை) ஒப்பிட்டால் போதாதா?

போதாது. நீங்கள் ஆய்வு மாணவர் என்று நினைக்கிறேன். "பி மதிப்பு 0.05-க்குக் கீழே வரும் முதல் டோஸை எடுத்துக்கொள்" என்று உங்கள் வழிகாட்டி சொல்லியிருப்பார். எனக்கும் அப்படிச் சொன்னார்கள், அதுவும் சம்பளம் கொடுத்து. (பி மதிப்பு என்பது, மருந்தில் பலனே இல்லாவிட்டாலும் இவ்வளவு அல்லது இதற்கு மேல் வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு.)

மருந்துச் சோதனைகளுக்குக் கணக்குப் பார்ப்பது என் வேலை. ஒரு ரத்த அழுத்த மருந்தைச் சில நோயாளிகளிடம் மட்டும் சோதித்தார்கள். போலி மாத்திரையைவிட 5 மில்லிகிராமில் 4 புள்ளியும், 10-இல் 7 புள்ளியும், 20, 40 இரண்டிலும் 8 புள்ளியும் அழுத்தம் இறங்கியது. 10-க்குப் பி மதிப்பு 0.06; 20-க்கு 0.03. "அப்படியானால் 20தான்" என்று மேலாளர் கோப்பை மூடினார். 7-க்கும் 8-க்கும் நடுவில் என்ன மலையா இருக்கிறது? இன்னும் கொஞ்சம் நோயாளிகளைச் சேர்த்திருந்தால் 10 தேறியிருக்கும். ஆள் எண்ணிக்கையைப் பொறுத்து மாறுவது மருந்தின் குணமாக எப்படி இருக்க முடியும்?

புள்ளியியலாளர் டன்னெட் (1955), பல ஒப்பீடுகள் செய்யும்போது ஏதாவது ஒன்று தற்செயலாகத் தேறிவிடும் பிழையைக் கட்டுப்படுத்தினார். டோஸ்களின் வரிசையை அவர் முறை கண்டுகொள்ளாது. டோஸ் கூடினால் பலன் குறையாது என்று வைத்துக்கொண்டு அந்த வரிசையைப் பயன்படுத்தியவர் வில்லியம்ஸ் (1971). என் கட்சி 2005-இல் பிரெட்ஸ், பின்யெய்ரோ, பிரான்சன் மூவரும் தந்த முறை. எத்தனை புள்ளி இறங்கினால் நோயாளிக்கு உண்மையில் பயன் என்பதையும், டோஸ் கூடக் கூடப் பலன் எப்படி மாறும் என்று காட்டும் சாத்தியமான சில வளைகோடுகளையும் முன்கூட்டியே எழுதி வைத்துவிட வேண்டும். டோஸுக்கேற்ப பலன் மாறுகிறதா என்று முதலில் சோதித்து, பிறகு பொருந்தும் கோட்டை எல்லா டோஸ்களின் தரவையும் கொண்டு வரைந்து, அந்த இலக்கை அது எங்கே தொடுகிறது என்று பார்க்கலாம். ஐரோப்பிய மருந்து முகமை 2014-இல் இதை ஏற்றது.

தவறான கோட்டை வரைந்தால் தவறான டோஸ் வரும் என்று யாராவது பின்னூட்டத்தில் வருவார்கள். தெரியும் ஐயா. அதற்காகத்தான் ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்கள். இதைப் படித்துவிட்டு வீட்டில் மாத்திரையை யாரும் பாதியாக உடைக்கவும் வேண்டாம்.

இது வெறும் ஏட்டு வாதமல்ல. எய்ட்ஸுக்கான ஜிடோவுடின் 1987-இல் வந்தது. அதற்கு அடிப்படையான சோதனையில் நாளொன்றுக்கு 1500 மில்லிகிராம் கொடுத்தார்கள், பலருக்கு ரத்தசோகை வந்தது. 600 போதும் என்று 1990-இல் தெரிந்தது.

எங்கள் சோதனை கட்டுரையாக வந்தபோது, நோயாளியின் முகத்தையே பாராத துறைத்தலைவர் முதல் ஆசிரியர். கணக்கு முழுவதும் போட்ட என் பெயர் நன்றியுரையில், எழுத்துப்பிழையோடு. அதை விடுங்கள், ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் இந்த முறைக்கான 'டோஸ்ஃபைண்டிங்' என்ற தொகுப்பு இலவசமாகவே கிடைக்கிறது, அதில் தொடங்குங்கள்.