நிறுவனம் நிதி தந்தால் ஆய்வு முடிவு யாருக்குச் சொந்தம்?

கேள்வி: பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். என் ஆய்வுக்கு நிதி தர ஒரு மருந்து நிறுவனம் முன்வந்துள்ளது. 'நிறுவனத்தின் எழுத்துபூர்வ ஒப்புதல் இன்றி முடிவுகளை வெளியிடக் கூடாது' என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. இதெல்லாம் வழக்கம்தான் என்கிறார் துறைத்தலைவர். கையெழுத்துப் போடலாமா?

பதில்: இந்த வாசகம் இருக்கும்வரை போடாதீர்கள். கல்விச் சுதந்திரம் பறிபோகிறது என்றதும் அரசுத் தடையும் பணிநீக்கமும்தான் நினைவுக்கு வரும். ஒப்பந்தத்தில் வரும் இப்படியொரு வரியாலும் அது பறிபோகும், வெளியே தெரியாமலே.

அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர் பெட்டி டாங் 1987இல் இதே போன்ற வாசகத்துக்குக் கையெழுத்திட்டார். தைராய்டு மருந்தான சிந்த்ராய்டுக்கு இணையாக விலை குறைந்த மருந்துகளும் வேலை செய்கின்றன என்று அவருடைய ஆய்வு காட்டியது. நிதி கொடுத்த நிறுவனம் வழக்குத் தொடுப்பதாக மிரட்டியதால், அச்சுக்குப் போகவிருந்த கட்டுரையை 1995இல் திரும்பப் பெற வேண்டியிருந்தது. அது வெளிவந்தது 1997இல்தான். அதுவரை நோயாளிகள் கூடுதல் விலை கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே 'ஒப்புதல்' என்ற சொல்லை நீக்கி, 'முன்கூட்டிப் பார்வையிடுதல்' என்று மாற்றச் சொல்லுங்கள். கட்டுரை வரைவை அனுப்பியதிலிருந்து 30 நாள், மிஞ்சினால் 60 நாள் போதும். அதற்குள் பதில் வராவிட்டால் வெளியிடலாம் என்பதையும் எழுதுங்கள். இந்த வரி இல்லாவிட்டால் நிறுவனம் பதிலே சொல்லாமல் வருடக்கணக்கில் இழுத்தடிக்கலாம். காப்புரிமைக்கு விண்ணப்பிக்க அவகாசம் கேட்பது நியாயம்; பல நாடுகளில் முதலில் வெளியிட்டுவிட்டால் காப்புரிமை கிடைக்காது. ஆனால் அந்த அவகாசத்துக்கும் இத்தனை நாள் என்று உச்சவரம்பு வேண்டும்.

அடுத்து 'ரகசியத் தகவல்' என்பதற்கான விளக்கத்தைப் பாருங்கள். பெரும்பாலோர் ஏமாறுவது இங்கேதான். நிறுவனம் உங்களிடம் கொடுத்து, ரகசியம் என்று எழுத்தில் குறித்த தகவல் மட்டுமே ரகசியம். நீங்கள் கண்டறிந்த முடிவுகள் அதில் அடங்கா என்று வெளிப்படையாக எழுத வேண்டும். இல்லாவிட்டால் வெளியீட்டுப் பிரிவில் வாங்கிய உரிமை இந்தப் பிரிவில் போய்விடும்.

முழுத் தரவும் உங்கள் கையில் இருக்க வேண்டும். ஆய்வில் பங்கேற்பவர்களுக்கு ஆபத்து தெரிந்தால் அவர்களுக்கும் நெறிமுறைக் குழுவுக்கும் உடனே சொல்லும் உரிமைக்கு எந்தக் காத்திருப்பும் பொருந்தக் கூடாது. மாணவரின் ஆய்வேட்டுச் சமர்ப்பிப்பும் தேர்வும் தள்ளிப்போகக் கூடாது. ஒப்பந்தம் பாதியில் முறிந்தாலும் இவை நீடிக்கும் என்று சேர்த்துவிடுங்கள்.

இதைத் தனியாகப் பேசாதீர்கள். பல்கலைக்கழகத்தின் ஆய்வு ஒப்பந்தப் பிரிவு வழியாகப் பேசி, பல்கலைக்கழகத்தையும் கையெழுத்திடச் செய்யுங்கள்; வழக்கு வந்தால் யார் துணை நிற்பார்கள் என்பதை முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தாம் விரும்பும் இதழில் தம் பெயரில் வெளியிடும் சுதந்திரத்தை உயர்கல்வி ஆசிரியர்களுக்கு யுனெஸ்கோவின் 1997ஆம் ஆண்டுப் பரிந்துரை உறுதிசெய்கிறது. அது சட்டம் போலக் கட்டுப்படுத்தாது என்றாலும் நிர்வாகத்திடம் வாதாட உதவும்.

ஒப்புதல் அதிகாரத்தை விடவே மாட்டோம் என்று நிறுவனம் நின்றால், அதை ஆய்வு நிதியாக ஏற்காதீர்கள். அது ஆலோசனைப் பணி. செய்ய விருப்பமிருந்தால் தனி ஒப்பந்தமாகச் செய்யுங்கள். முனைவர் பட்ட மாணவர் எவரையும் அதில் சேர்க்காதீர்கள்.